கடைசிப் பொந்து

கால் கழுவ ஊற்றிய தண்ணீர் வடியவில்லை.

மருதமுத்துவுக்கு அது உடனே உறைக்கவில்லை. விடிந்ததிலிருந்து காஜா பேராங்கின் வீடுகளிலும் கடைகளிலும் குனிந்தும் தவழ்ந்தும் சுவரோரமாகப் பொந்து தேடிய உடம்பு அது. நின்ற இடத்திலேயே கண் சொருகியது. அடுப்படி மூலையில் தண்ணீர் மெல்ல உயர்ந்து, கையில் ஒட்டிய எலிமருந்தின் பூண்டு வாடையோடு சிமெண்டு நெடியும் சேர்ந்து மேலே வந்து, கணுக்காலைத் தொட்டபோதுதான் அவர் கீழே பார்த்தார். சுவரில் தண்ணீர் வெளியேறும் துளை அடைபட்டிருந்தது. குப்பையால் அல்ல, சிமெண்டால். விரலை வைத்துப் பார்த்தார். இன்னும் ஈரம் காயவில்லை. உள்ளே கண்ணாடித் துண்டின் கூர் தட்டுப்பட்டது. எலி திரும்பக் கடித்துத் திறக்காதபடி உடைத்த கண்ணாடி கலந்து பூசுவது அவருடைய கைவேலை. முனிசிபல் எலிக்காரர் என்று அந்த வட்டாரத்தில் இருந்தது அவர் ஒருவர்தான்.

"கோகிலா, இத யாரும்மா அடைச்சது?"

கோகிலா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே எட்டிப் பார்த்தாள். பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பெண் குழந்தை. தாயில்லாத மகளுக்குத் தகப்பன் வீட்டில்தான் பிரசவம். மருமகன் புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் வேலைக்கு இருந்தான்.

"நீங்கதானேப்பா அடைச்சீங்க? கொஞ்சம் முந்தி கரணை தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு. அப்பா பின்பக்கமா வந்துட்டாருன்னு நெனச்சேன்."

"நான் இப்பதாம்மா வர்றேன்."

"அப்ப பக்கத்து வீட்டு பொன்னுதுரை அண்ணன் வேலைதான். எலிக்காரன் வீட்டுல சாமி மாடத்துக்குக் கீழயே எலிப்பொந்துன்னு தெனமும் கேலி பண்ணுவாரு. அத விட்டுட்டு தண்ணி போற ஓட்டைய அடைச்சிருக்காரு பாருங்க!"

அவள் சிரித்தாள். மருதமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொன்னுதுரையின் வீடு காலையிலேயே பூட்டிக் கிடந்தது. சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் இரண்டே நாள். முனிசிபல் குடியிருப்பின் சனமெல்லாம் பாடாங் திடலில் கொடியேற்ற ஒத்திகை பார்க்கப் போயிருந்தது.

அந்தக் கொடிக்காகத்தான் இத்தனை ஓட்டமும். விழாவுக்கு முன்னால் ஊரில் எலி என்ற பேச்சே இருக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. இருபது வருடத்தில் இப்படி மூச்சு விடாமல் அவர் வேலை செய்ததில்லை. இருபது வருடத்தில் ஒரு நாளும் செய்யாத ஒன்றை இன்று செய்தும் விட்டார்.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டின் பொந்துகளை எல்லாம் அடைப்பார். ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். அதன் வாசலில் அரிசி மாவைத் தூவி, உள்ளங்கையால் சமமாகத் தடவிவிட்டுப் போவார். காலையில் வந்து பார்க்கும்போது மாவில் வெளியே போன தடங்கள் இருக்கும். குட்டியைக் கவ்விப் போன தாயின் தடம் சற்று ஆழமாகப் பதிந்திருக்கும். அதன் பிறகே கடைசிப் பொந்தை அடைப்பார். உள்ளேயே செத்தால் நாறும் என்று மற்றவர்களிடம் காரணம் சொல்வார். உண்மைக் காரணம் அதுவல்ல. வெளியே பொறி வைப்பதும் மருந்து வைப்பதும் அவர் பிழைப்பு; ஆனால் ஓர் இரவு வழிவிடுவது அவருக்கும் ஆண்டவனுக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு. பெரிய தருமம் செய்ய வகையில்லாதவனுக்காக இப்படிப்பட்ட சின்ன இரக்கங்களைக் கடவுள் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று அவர் நம்பினார்.

இன்று மத்தியானம் அலமேலு ஆச்சி வீட்டில், சமையல்கட்டுக்கு வெளியே, கடைசிப் பொந்தின் முன்னால் மாவைத் தூவ அவர் பையைத் திறந்தபோது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராஜரத்தினம் வந்து நின்றார்.

"என்னய்யா, எலிக்குக் கோலம் போடப் போறியா? அடைலா! இன்னும் எட்டு வீடு இருக்கு."

"ஒரு ராத்திரி விட்டுருவோம் மண்டோர். உள்ள குட்டி இருக்கு, சத்தம் கேக்குது."

"அதுங்களும் மெர்டேக்கா கேக்குதா?" மண்டோர் ஆச்சியின் பக்கம் திரும்பினார். "நேத்து பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, இன்னிக்கு அவரு வண்டிக்கு மருந்தா ஆச்சி?"

"சும்மா இருங்க," என்றாள் ஆச்சி. அவள் முகம் வாடியிருந்தது. "மருதமுத்து, ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யப்பா."

அது அவர் கையில்தான் விடப்பட்டது. பிறகு யோசித்தபோது அதுதான் அவரை உறுத்தியது. முதுகு வலித்தது. திரும்பவும் நாளை இவ்வளவு தூரம் வரவேண்டும். உள்ளே கீச்சுக் கீச்சென்று, ஈரமான, கண் திறக்காத குரல்கள். சாக்கடை விளிம்பில் தாய் எலி உட்கார்ந்திருந்தது. நேற்றைய கொழுக்கட்டையின் வெள்ளைத் துண்டு ஒன்று அதன் முன்னங்கால்களில். அது ஓடவில்லை. அவர் கையை மட்டும் பார்த்தது.

அவர் கரணையை எடுத்தார். ஸர்... ஸர்... என்று நான்கு இழுப்பு. குரல்கள் சிறுத்து, சுவருக்குள் அமுங்கி, பிறகு கேட்கவில்லை.

"அப்பா, கையக் கழுவிட்டுப் புள்ளைய கொஞ்சம் புடிங்க. கொழாயடியில துணி அலசிட்டு ஓடியாந்துடறேன்," என்றாள் கோகிலா. பின்வாசலைத் தாண்டியவள் குரல் கொடுத்தாள். "பைய ஏன் இப்படித் தொறந்து போட்டிருக்கீங்க? கரணையெல்லாம் ஈரமா கெடக்கு."

கரணையைக் கழுவித் துடைத்துத்தான் பைக்குள் வைத்தோம் என்று சொல்ல நினைத்தார். அலுப்பு மேலிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாமி மாடத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்தார். குழந்தையின் தலையில் பாலும் எண்ணெயும் மணத்தன. மாடத்தில் சின்னப் பிள்ளையார். அவருக்குக் கீழே, தரையோடு தரையாக, நான்கு விரல் அகலத்தில் அந்தப் பொந்து. நாளைக் காலையில் முதல் வேலையாக ஆச்சி வீட்டுக்குப் போய்க் கொத்தித் திறந்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டார். நாளைக் காலையில். அந்த நினைப்பு கொடுத்த ஆறுதலில் கண் மூடியது.

ஸர்... ஸர்...

கண் விழித்தபோது வீடு மங்கியிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். அதற்குள் இவ்வளவு இருட்டாகாதே என்று சன்னலைப் பார்த்தார். சன்னல் பலகைகளின் இடுக்குகளில் வழக்கமாகத் தெரியும் வெளிச்சக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. குழந்தையை அணைத்தபடி எழுந்துபோய்த் தடவினார். சில்லிட்ட, சொரசொரப்பான, ஈரம். கம்பிகளுக்கு அப்பால் பலகை அசையவில்லை. வாசல் கதவுக்கு வந்தார். நிலையைச் சுற்றிலும் சிமெண்டு, ஒழுங்காக, கை தேர்ந்தவன் பூசியதுபோல. பூச்சை முடிக்கும்போது கட்டைவிரலால் ஓர் அழுத்தம் கொடுப்பது அவர் பழக்கம். இங்கேயும் அழுத்தியிருந்தது. விரலால் அல்ல. சின்னச் சின்னப் பாதங்களால். நூற்றுக்கணக்கில்.

இதெல்லாம் கனவு என்று சொல்லிக்கொண்டார். குழந்தை சிணுங்கியது. அதன் சூடு கனவில்லை.

"அப்பா!" பின்கதவில் கோகிலாவின் கை அறைந்தது. "அப்பா, கதவ ஏன் பூசியிருக்கீங்க? என்னப்பா இது? தொறங்கப்பா!"

"நான் இல்லம்மா. ஆள கூப்புடு. மண்வெட்டி எடு."

"யாருமே இல்லப்பா, எல்லாம் பாடாங்குக்குப் போயிட்டாங்க. அப்பா, புள்ள அழுவுது. புள்ளைய குடுங்கப்பா."

அவர் தோளால் இடித்தார். மறுபடியும் இடித்தார். கதவு சுவராகியிருந்தது. வெளியே அவள் நகங்கள் சிமெண்டைப் பிறாண்டின. மேலும் கீழுமாக. விடாமல். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அடைத்த பொந்துகளின் முன்னால் இருபது வருடமாக அவர் கேட்காமல் பார்த்துக்கொண்ட சத்தம்.

"ஆச்சி வீட்டுக்குப் போம்மா," என்று கத்தினார். "சமையல்கட்டுச் செவுத்துல புதுப் பூச்சு இருக்கும். அத ஒடச்சு விடு. சீக்கிரம்!"

"புள்ளைய விட்டுட்டு எங்கப்பா போவேன்?"

எந்தத் தாய் போவாள்?

ஓட்டு இடுக்கில் ஸர். அடுப்புப் புகைக்கூண்டில் ஸர். பிறகு ஓய்ந்தது. காற்று கனத்தது. குழந்தையின் அழுகை அந்தச் சிறிய வீட்டுக்குள் ஈரமாக, மெலிவாக, கீச்சென்று ஒலித்தது.

ஒரே ஒரு இடத்திலிருந்து வெளிச்சம் வந்தது.

மாடத்துக்குக் கீழே.

மருதமுத்து குழந்தையோடு மண்டியிட்டார். படுத்தார். கன்னத்தைத் தரையில் வைத்து அந்தப் பொந்தின் வழியாகப் பார்த்தார். அந்தியின் கடைசி வெளிச்சம். பொந்தின் வாசலில் அரிசி மாவு, சமமாகத் தடவி, ஒரு தடமும் இல்லாமல். அப்பால் தரையோடு தரையாகக் கோகிலாவின் முகம். அவளும் படுத்திருந்தாள். அவள் கை உள்ளே வந்தது. மணிக்கட்டோடு நின்றது. குழந்தையின் விரல்கள் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டன. அழுகை அடங்கியது.

ஓர் இரவு. எப்போதும் அவர் கொடுத்தது அவ்வளவுதான். இன்று அதைக்கூடக் கொடுக்கவில்லை. அவருக்கு அது கொடுக்கப்பட்டிருந்தது.

கோகிலா பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால், ஈரச் சிமெண்டு குவித்த கரணையின் அருகில், முன்னங்கால்களில் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்தபடி, அவசரமே இல்லாமல், விடிவதற்காக அந்தத் தாய் எலி காத்துக்கொண்டிருந்தது.