வடவாயிலை அடை

நொய்யலில் அன்று புதுவெள்ளம். மேற்கு மலைகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிவிட்டான். நீரின் மேல் மட்டும் கொஞ்சம் சிவப்பு எஞ்சியிருந்தது. அந்தச் சிவப்பும் கரையும் வேளையில், ஆற்றை ஒட்டி நிற்கும் கருவேலங்கோட்டையின் வடவாயிலுக்கு வாசகர்கள் வர வேண்டும். அங்கே பூதி நங்கை கரையோரப் பாதையைப் பார்த்தபடி நிற்கிறாள். அவளுக்கு மணம் பேசப்பட்ட கடம்பன், குதிரைப் படையுடன் பகைவர் பாசறையை வேவு பார்க்கப் போனவன், அந்தப் பாதையில்தான் திரும்ப வேண்டும். ஒரு புறம் வெள்ளம். மறுபுறம் முட்காடு. பகைவர் துரத்தி வந்தால் இந்த வாயில் ஒன்றே அவனுக்குப் புகலிடம்.

அந்த வாயிலைத்தான் அவளுடைய அம்மான் மாசாத்தன் மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோட்டைத் தலைவரான அவர் தம் விருப்பப்படி அதைச் செய்யவில்லை. தெற்கே பெரும்படையுடன் தங்கியிருந்த அரசரிடமிருந்து தூதன் எயினன் சற்று முன் வந்திருந்தான். ஓலை பகைவர் கையில் சிக்கும் என்று அரசர் ஆணைகளை வாய்மொழியாகவே அனுப்புவார். எயினன் கொண்டுவந்தது மூன்றே சொற்கள்: "விரைந்து வடவாயிலை அடை."

அரசர் வாக்கை மறுமுறை கேட்பது அந்த நாட்டில் அவமதிப்பு. மாசாத்தன் கேட்கவில்லை. தலை வணங்கினார், தூதனையும் அழைத்துக்கொண்டு கதவை மூட வந்துவிட்டார்.

பாதையின் கோடியில் குதிரைகள் தெரிந்தன. கொடி தெரியவில்லை.

பூதி அம்மானை நெருங்கி, 'அடை' என்றால் போய்ச் சேர் என்றும் ஆகுமே என்றாள்.

"உன் மனம் அந்தக் குதிரைக்காரன் பின்னால் ஓடுகிறது, பூதி. அதனால்தான் அரசர் சொல் உனக்கு இரண்டாகக் கேட்கிறது."

"இருக்கட்டும், அம்மானே. தூதரிடம் நான் கேட்கிறேன். குற்றமென்றால் என் மேல்."

கதவுகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. அரசர் விரும்புவது என்ன என்பதை அவனுடைய சொற்களிலேயே சொல்லும்படி அவள் எயினனைக் கேட்டாள். தனக்கென்று சொற்கள் இல்லை என்றும், கூட்டிச் சொல்லும் தூதனுக்கு நாக்கு மிஞ்சாது என்றும் அவன் பணிவாக விடை சொன்னான். சுற்றி நின்ற வீரர்கள் தலையசைத்தார்கள்.

"நல்லது. பதில் கொண்டுபோவது உம் வேலைதானே? அரசர் முன் என்ன சொல்வீர்? மாசாத்தன் வடவாயிலை அடைந்தார் என்றா, அடைத்தார் என்றா?"

எயினன் நெருங்கி வரும் கதவுகளைப் பார்த்தான். பிறகு, "தலைவர் எதைச் செய்கிறாரோ அதை" என்றான்.

உண்மைத் தூதனுக்கு இது கடினமான கேள்வி அல்ல, வாசகர்களே. அரசரின் முகத்தையும் குரலையும் நேரில் அறிந்தவன் அவன். மாசாத்தன் எத்தனையோ தூதர்களைக் கண்டவர். ஆணையின் பொருளை அவரிடமே விட்டுவைத்த தூதனை இதுவரை கண்டதில்லை.

"திற" என்றார்.

கடம்பனின் குதிரைகள் நுரை தள்ளியபடி உள்ளே புகுந்தன. கடைசிக் குதிரைக்குப் பின்னால் கதவு மூடியபோது பகைவரின் வேல் ஒன்று அதில் வந்து தைத்தது. மூச்சு வாங்குமுன் கடம்பன் கேட்டான்: "ஏன் மூடப் பார்த்தீர்கள்? வாயிலுக்கு வந்து, திறந்து வைத்துக் காத்திருக்கும்படி உங்களுக்குச் சொல்லியிருப்பதாக அரசர் எனக்குச் செய்தி அனுப்பினாரே."

எல்லோரும் எயினனைத் தேடினார்கள். அதற்குள் அவன் மதிலேறி, ஆற்றுப் பக்க விளிம்பில் நின்றான்.

"நான் பொய் சொல்லவில்லை, நங்கையே. அரசர் சொன்ன ஆணையில் ஓர் எழுத்தும் கூட்டவில்லை. எதற்காக என்றும் சொன்னார். அதை மட்டும் வழியில் போட்டுவிட்டேன். பகைவர் அதற்குத்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்."

வெள்ளத்தில் குதித்தான். மதில் மேல் நின்ற வில்லாளி நாணை இழுத்துக் குறிபார்த்தான்.

"விடு!" என்றார் மாசாத்தன்.

வில்லாளி விடவில்லை. திரும்பிப் பார்த்தான்.

"அம்பை விடறதுங்களா, ஆளை விடறதுங்களா?"

மாசாத்தன் வாய் திறப்பதற்குள் ஆறு எயினனை வளைவுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது. அவர் வில்லாளி பக்கம் திரும்பினார். கடம்பன் சிரிப்பை அடக்கக் குதிரையின் கழுத்தில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"கேட்டது சரிதான்" என்றார் கடைசியில்.