பதினேழாம் அத்தியாயத்துக் குழந்தை

மகளின் மூக்குக் கண்ணாடி கோணலாக நின்றது. அம்மாவின் கண்ணில் முதலில் பட்ட குறை அதுதான்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். ஃபிரேமைச் சூடாக்கி, காதில் மாட்டும் காம்பை வளைத்து, வந்தவர் முகத்துக்குப் பொருந்த வைப்பதுதான் பிழைப்பு. மகள் பட்டாணிக்கு இடது காது வலது காதைவிட ஒரு நூல் கீழே. அதற்காகவே இடது காம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வளைத்துவிட்டிருந்தாள். அன்றுவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த கண்ணாடி அந்தக் காலையில் வலப்பக்கம் சரிந்து நின்றது. காம்பைப் பார்த்தாள், வளைத்தபடியே இருந்தது. பிறகுதான் காதைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"ஏங்க, இவ காதக் கொஞ்சம் பாருங்களேன்."

கணவன் பேருந்து ஓட்டுநர். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ஒரு பார்வை பார்த்தான். "கொழந்த வளருது, காதும் வளரும். கண்ணாடிக் கடையில இருந்து இருந்து நீ எல்லாத்தையும் அளந்துட்டே இருக்க."

அவளும் சிரித்துவைத்தாள். காம்பை நேராக்கிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, காசு வராத வேலை. மிகப் பழைய நாவல் ஒன்றின் மேல் அவளுக்குப் பித்து. கடலோரத்தில் பெரிய வீடு, அதில் ஒவ்வொருவராகச் செத்து ஒழியும் ஒரு குடும்பம். அந்த நாவலின் ஆட்களை வைத்துத் தங்கள் இஷ்டத்துக்குக் கதை வளர்ப்பவர்களுக்கென்றே ஒரு இணையதளம் இருந்தது. அங்கே செத்தவரைப் பிழைக்க வைப்பார்கள், பிரிந்தவரைச் சேர்த்து வைப்பார்கள். எல்லோரும் கதாநாயகிக்காக அடித்துக்கொண்டபோது, இவள் மட்டும் பதினேழாம் அத்தியாயத்தில் வரும் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். நாவலில் அதற்கு இரண்டே வாக்கியம். 'நடையில் சுவரைப் பார்த்தபடி ஒரு குழந்தை நின்றது. யாரும் அதைக் கூப்பிடவில்லை.' அது யார் பெற்ற பிள்ளை, பிறகு என்ன ஆனது, ஒன்றும் கிடையாது. எழுதியவர் நிறுத்திவிட்டு மறந்துபோயிருந்தார். படித்த நாளிலிருந்து அவளுக்கு அது பொறுக்கவில்லை.

அதனால் தானே அதற்கு ஒரு கதை எழுதினாள். முகத்துக்கு எங்கே போவது? எதிரே பட்டாணி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தத் தளத்தில் எல்லோரும் செய்வதுதான், மூலத்தில் வெறுமையாக விட்ட ஆளுக்குத் தெரிந்தவர்களின் மூக்கையும் முழியையும் இரவல் வாங்கி ஒட்டுவது. ஒரு நூல் இறங்கிய இடது காதைக் கொடுத்தாள். மூச்சை உள்ளிழுத்துச் சிரிக்கும் சிரிப்பைக் கொடுத்தாள். ரொட்டியின் ஓரத்தை முதலில் கடித்துத் தீர்த்துவிட்டு நடுவைக் கடைசியில் தின்னும் பழக்கம், தூங்கும்போது போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொள்ளும் பழக்கம், பள்ளியில் கூப்பிடும் பெயர், எல்லாம் அத்தியாயத்துக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. படித்தவர்கள் கொண்டாடினார்கள். கடையில் நாளெல்லாம் பேசினாலும் யாரும் முகம் பார்த்துக் கேட்காத ஒருத்திக்கு, அது போதை ஏற்றாமல் என்ன செய்யும்?

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளக்குற," என்று கணவன் கிண்டலடிப்பான். "தன் பிள்ளை தானே வளருமாம்."

அன்று சாயங்காலம் பட்டாணி ரொட்டியை நடுவிலிருந்து தின்றாள்.

அவள் கையில் இருந்த தட்டோடு அப்படியே நின்றாள். வேடிக்கை காட்டினாள், முகத்தைக் கோணினாள், கிச்சுக்கிச்சு மூட்டினாள். குழந்தை சிரித்தது. எந்தக் குழந்தையும் சிரிக்கிற மாதிரி, ஹ ஹ ஹ என்று.

தன் கதையைத் திறந்து முதல் அத்தியாயத்திலிருந்து படித்தாள். காது. சிரிப்பு. ரொட்டி. கொடுத்த வரிசையிலேயே போய்க்கொண்டிருந்தது. படுக்கப் போன குழந்தையின் கையைப் பார்த்தாள். போர்வை தரையில் கிடந்தது, விரல்கள் வெறுமனே விரிந்திருந்தன.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கதை முழுவதையும் அழித்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதற்குள் பலர் நகலெடுத்து வைத்திருந்தார்கள். சிலர் தங்கள் கதைகளில் அந்தக் குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, அதே காது, அதே சிரிப்பு என்று தொடர்ந்திருந்தார்கள். எடுத்துவிடுங்கள் என்று கைகூப்பாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள். தாய்மை எழுத்தில் ததும்புகிறது என்று பதில் வந்தது. குழந்தையைக் கதையிலேயே கொன்றுவிட்டால் என்ன என்றுகூட யோசித்தாள். அதனிடம் இருப்பதெல்லாம் பட்டாணியுடையது. அதைக் கொன்றால் எது சாகும்?

உப்புக்காற்று என்ற புனைபெயரில் ஒரு வாசகர் முதல் நாளிலிருந்தே பின்தொடர்ந்து வந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'குழந்தையை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?'

அவள் பதில் எழுதவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அந்தக் குறுகிய நடையில், ஈரச் சுண்ணாம்பும் உப்பும் அழுகிய மரமும் கலந்த ஒரு வாடை கிளம்பி, எத்தனை துடைத்தாலும் போகாமல், துணியிலும் தலையணையிலும் ஏறி, அவள் வாய்க்குள் கரித்தது. கடல் அந்த ஊரிலிருந்து ஒரு நாள் பயணம். ஆனாலும் சுவரில் காதை வைத்தால், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சிக்கும் மழைக்கும் அடியில், ஏதோ பெரியதாக மெதுவாக மூச்சு விடுவது போல ஒரு இரைச்சல் வந்து வந்து போனது.

பள்ளி விட்டு வந்ததும் பட்டாணி அந்த நடையில் போய் நிற்க ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்தபடி. அழவில்லை, பேசவில்லை. பள்ளிப் பெயரைச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாலும் அசைவில்லை. "பட்டாணி" என்றால் மட்டும் திரும்புவாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். "என்னம்மா?" என்பாள். அவள் வாரி அணைத்துக்கொண்டு அழுவாள்.

"ஏங்க, நம்ம பொண்ணுக்கு என்னமோ ஆகிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

"என்ன ஆச்சு? எப்பவும் அப்படித்தானே நிக்கும்?"

"எப்பவுமா? எப்படிச் சிரிப்பா, ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "சிரிக்குமா?" என்று கேட்டான்.



ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டாணி என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் குழந்தை திரும்பியது. சாயங்காலம் ஏழெட்டுத் தடவை. இருட்டும்போது திரும்பவே இல்லை. தோளைப் பிடித்துத் திருப்பினாள். கண்கள் அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போயின. கையை எடுத்ததும் உடம்பு தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. தொட்ட இடத்தில் அவள் உள்ளங்கை நனைந்திருந்தது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவள்தான். இறக்கிவிட வேண்டியதும் அவள்தான். எழுத்தால் போனதை எழுத்தால்தான் கொண்டுவர முடியும் என்று தோன்றியது. உட்கார்ந்து எழுதினாள். குழந்தை அந்த வீட்டை விட்டு வெளியே வருகிறது. இரவல் வாங்கியதையெல்லாம் சுமந்துகொண்டு, மழையில் நனைந்து, இந்தத் தெருவுக்கு, இந்த வீட்டுக்கு வருகிறது. எழுதித் தளத்துக்கு அனுப்பினாள். நடையை எட்டிப் பார்த்தாள். அசைவில்லை. திருத்தி எழுதினாள். கதையில் கதவைத் திறந்துவைத்தாள், விளக்கை ஏற்றிவைத்தாள். எப்படி எழுதினாலும் கதைக்குள் குழந்தை சுவரை விட்டுத் திரும்பவில்லை.

உப்புக்காற்றிடமிருந்து ஒரு வரி வந்தது. 'கூப்பிடாமல் எப்படி வரும்?'

நியாயம்தானே என்று பட்டது. அதுதான் பயங்கரம், நியாயமாகப் பட்டது. அந்தப் பெயர்தான் மிச்சம் இருக்கும் கயிறு. அதை அந்தப் பக்கம் வீசினால் பிடித்துக்கொண்டு எல்லாம் வந்துவிடும். காது வரும். சிரிப்பு வரும். தன் பிள்ளை வரும்.

எழுதினாள். 'பட்டாணி, போதும்மா. வீட்டுக்கு வா.'

அனுப்பினாள்.

மழை நின்றது. சுவருக்குள் இரைச்சல் நின்றது. நடையில் வாடை இல்லை. துடைத்துவிட்டாற்போல் இல்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். குழந்தை அங்கேயே நின்றது, முதுகைக் காட்டியபடி. கூப்பிட வாயைத் திறந்தாள்.

வார்த்தை வரவில்லை.

நாக்கு இருந்தது. மூச்சு இருந்தது. பெயர் இல்லை. சின்னப் பெயர். உருண்டையான ஏதோ ஒன்று. தினமும் நூறு தடவை சொன்னது. தேடினாள். பள்ளிப் பெயரைத் தேடினாள். அதுவும் இல்லை. "அம்மாடி," என்றாள். "கண்ணு." யாருக்கும் பொருந்தும் சொற்கள். அந்த முதுகில் ஒட்டாமல் விழுந்தன.

வாசல் கதவு தட்டப்பட்டது. கீழே, குழந்தைக் கைக்கு எட்டும் உயரத்தில்.

"அம்மா, கதவத் தெற. பட்டாணி வந்திருக்கேன்."

அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவன் எழுந்து ஓடிவந்தான். "பட்டாணி வெளிய நனஞ்சு போய் நிக்குது, நீ இங்க என்ன பண்ற?" நடையில் நின்ற குழந்தையை உரசிக்கொண்டு, அலமாரியைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனான். தாழ்ப்பாள் திறந்தது. கரகரவென்று மணல் ஒட்டிய ஈரக்கால்கள் உள்ளே வந்தன. அவன் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அது மூச்சை உள்ளிழுத்துச் சிரித்தது. இடது காது வலது காதைவிட ஒரு நூல் கீழே இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும், அவளையும் மீறி, அவள் கைகள் அதை வாங்க நீண்டன. அது தாவி வந்து அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டது.

"அம்மா, அங்க யாரு நிக்கிறா?"

"எங்க?" என்று கணவன் திரும்பிப் பார்த்தான். "யாருமில்லையே."

அவள் சொல்ல வாயெடுத்தாள். இருக்கு, நம்ம குழந்தை இருக்கு. யார் என்று கேட்டால் என்ன சொல்வது? தோளில் சாய்ந்த ஈரத்தலை கனத்தது. வாய் மூடிக்கொண்டது.

நடையில் சுவரைப் பார்த்தபடி ஒரு குழந்தை நின்றது. யாரும் அதைக் கூப்பிடவில்லை.