வாங்கோ என்று சொல்லக்கூடாத வீடு

துறைமுகக் கரையோரத்துப் பழைய பங்களாவின் கதவை ஜெனிதா திறந்தபோது பகல் இரண்டு மணி. தோளில் குறிப்புத் தாள்கள் நிறைந்த பை, கையில் மடிக்கணினி, தலைக்குள் சனியன் பிடித்த அந்த மூன்றாம் அத்தியாயம்.

கோதிக் நாவல்களில் இரத்தக்காட்டேரியின் உருவம் எப்படி மாறியது என்பதுதான் அவளுடைய ஆய்வு. நாவல்களுக்கு முன்பு, நாட்டார் கதைகளில், புதைகுழியில் ஊதிக்கிடந்த நாறல் பிணம். பிறகு கோட்டையில் வாழ்ந்த பிரபு. இப்போது பட்டப்பகலில் திரிகிற அழகான காதலன். எல்லாவற்றையும் எழுதியும் பேராசிரியர் மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டார்.

"மாறினது எண்டு எழுதியிருக்கிறீர். ஏன் மாறினது? அது எங்க?"

திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகப் பதிவே இரத்து. நான்கு வருடப் பாடு மண்ணாய்ப் போய்விடும். லிங்கநகரில் அவளுடைய வீட்டிலோ அண்ணன் பிள்ளைகளின் கூத்து, ஒரு வரி யோசிக்க ஏலாது. அதனால்தான் அம்மாவின் சிநேகிதி கமலேஸ்வரி அன்ரி கொழும்புக்குப் புறப்பட்டபோது இந்த வீட்டுக் கதவுத் திறப்பைக் கேட்டு வாங்கினாள்.

"வடிவா இருந்து எழுது பிள்ளை. ஒண்டு மட்டும். ஆர் வந்தாலும் வாசல்ல வைச்சுக் கதை. வாங்கோ எண்டு சொல்லிப்போடாதை."

இதென்ன மரியாதை கெட்ட வீடு என்று அப்போது ஜெனிதாவுக்குச் சிரிப்பு வந்தது.

நாலு மணிவரை எழுதினாள், அழித்தாள், எழுதினாள், அழித்தாள். "கோதாரி விழுந்த காட்டேரி!" என்று வாய்விட்டுத் திட்டினாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

வெயிலில் ஒருவன் நின்றான். முப்பது வயது மதிக்கலாம். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. அழகன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் பூசியிருந்த வாசனைக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. துறைமுகச் சேற்றைக் கிளறினால் வருகிற மணம்.

"கமலேஸ்வரி இல்லையோ?"

"இல்லை, கொழும்புக்குப் போட்டா."

வாங்கோ என்று சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டாள். வீடு தேடி வந்த மனிதனை வெயிலில் நிறுத்திவைப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவனும் வாசற்படியைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே மேசையில் கிடந்த தாள்களை எட்டிப் பார்த்தான்.

"என்ன எழுதுறீங்கள்?"

"காட்டேரி ஏன் மாறினது எண்டு. எனக்குத்தான் விசர் பிடிக்குது."

அவன் பல் தெரியாமல் சிரித்தான்.

"அது மாறேல்லை, தங்கச்சி. கதவு திறக்கிற ஆக்கள்தான் மாறினவை. பிணத்தைக் கண்டு சனம் கதவைப் பூட்டிச்சுது. பிரபுவுக்குத் திறந்துது. பிறகு பிரபுவையும் நம்பாமல் விட்டுது. இப்ப அழகனுக்குத் திறக்குது. எந்த முகத்துக்குக் கதவு திறக்குமோ, அந்த முகத்தோடதானே வரவேணும்?"

அட கடவுளே, இதுதானே அந்த வரி! நான்கு வருடமாகக் கைக்கு அகப்படாத வரி! ஜெனிதா ஓடிப்போய் மேசையில் குனிந்து, மறப்பதற்குள் எழுதத் தொடங்கினாள்.

"அப்ப நான் போயிட்டு வாறன்."

"ஓம், போயிட்டு வாங்கோ," என்றாள், தலை நிமிராமலே.

எழுதி முடித்தபோது சந்தோசத்தில் கண் கலங்கியது. பேராசிரியர் இனி என்ன சொல்லுவார் பார்ப்போம்! பக்கத்தைப் புரட்டினாள். முன்பு அவளே எழுதிய வரி ஒன்று கண்ணில் பட்டது.

'வீட்டிலிருப்பவர் வாய்திறந்து அழைக்காமல் காட்டேரியால் உள்ளே வர முடியாது.'

நல்லகாலம், நான் ஒருத்தரையும் கூப்பிடவில்லை என்று நினைத்தாள்.

போயிட்டு வாங்கோ.

வாங்கோ.

பேனை கீழே விழுந்தது. பாய்ந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். யன்னலால் பார்த்தாள். வீதியில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

"போங்கோ!" என்று கத்தினாள். "வரவேண்டாம்! போங்கோ!"

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு சேற்று மணம் வந்தது. வாசல் பக்கமிருந்து அல்ல.

அவளுக்குப் பின்னால், குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், யாரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"போயிட்டு வந்திட்டன், தங்கச்சி."