நாணற்கரையின் எழுபது கூரைகள்

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. கூரைகள் எழுபது என்று கேட்டேனா, எழுபத்திரண்டு என்று கேட்டேனா? ஆற்றங்கரையில் நின்ற படகுகள் பன்னிரண்டா, இன்னும் குறைவா? கேட்டும் நெடுங்காலம் ஆயிற்று. சொன்னவர்களும் இன்று இல்லை. ஆனால் அந்த அந்திப் பொழுதில் நாணற்கரையின் தெருவில் விழுந்த மௌனம் மட்டும் என் செவியை விட்டு அகலவே இல்லை. அதை நம்பித் தொடங்குகிறேன், வாசகர்களே.

பங்குனி மாதத்து வளர்பிறை நிலவு, கதிரவன் மறையும் முன்பே கீழ்வானில் எழுந்து, நெடுங்கரை நாட்டின் நடுவே ஓடிய வெள்ளாற்றின் மீது பால் போன்ற ஒளியைத் தெளித்துக்கொண்டிருந்தது. நாணல் புதர்களுக்குள் நீர்க்கோழிகள் அடங்கத் தொடங்கியிருந்தன. தென்கரை மேட்டில் குதிரையை நிறுத்தியிருந்த ஒரு வாலிபன், அக்கரையில் தெரிந்த ஊரின் கூரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். எழுபது கூரைகள். எழுபதிலிருந்தும் புகை நேராக மேலெழுந்தது. அவன் முகத்தில் பெருமிதம் பரவியது.

மூன்றாண்டுகளுக்கு முன்வரை நெடுங்கரை நாட்டில் விளைந்த நெல்லெல்லாம் ஊர்ப் பொதுக்களத்துக்கு வரும்; அரசனின் ஆறிலொரு பங்கு போக, எஞ்சியதை உழவு மாடு உள்ளவர், இல்லாதவர் அனைவரும் பகிர்ந்துகொள்வர். இளவரசர் எழினியாதன் அந்த முறையை மாற்றினார். அவரவர் நிலம் அவரவர்க்கு. அவரவர் நெல்லை அவரவர் துறைமுகச் சந்தையில் விற்று, வரியைக் காசாகக் கட்டலாம். நாட்டில் செல்வம் பெருகியது, அதில் பொய்யில்லை. பழைய முறையில் பஞ்சத்துக்கென நெல் சேர்த்து வைத்த ஊர்க் களஞ்சியங்கள் இனி எதற்கு என்று அமைச்சர் நம்பிவேளார் கேட்டார். அந்தியில் எல்லாக் கூரைகளும் புகையும் ஊரில் வறுமை இல்லை; அங்கே களஞ்சியத்து நெல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அரசவை முடிவு செய்தது. அதற்காகவே அமைச்சரின் படகுகள் ஆற்று வளைவில் காத்திருந்தன. மேட்டிலிருந்து வெண்கொடி உயர்ந்தால் அவை கரையணையும்.

வாலிபன் கொடியை எடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதை மீண்டும் சுருட்டிக்கொண்டு துறையில் இறங்கினான். இந்தச் செழிப்பை அருகிலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டுமென்ற ஆசை அவனுக்கு.

துறையில் ஓடம் செலுத்தியவள் சேந்தி என்ற பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். மெலிந்த கைகள், ஆனால் துடுப்பு அக்கைகளுக்கு அஞ்சியது.

"எந்த ஊர், ஐயா?"

"தலைநகர். அரண்மனைப் புகைக் கணக்கன். பெயர் ஆதன்."

"புகையை எண்ணுவதற்குச் சம்பளமா? அப்படியானால் மேகத்தை எண்ணவும் ஓர் ஆள் இருப்பாரே."

"இருந்தார். கார்காலம் வந்ததும் வேலையை விட்டு ஓடிவிட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் ஆதன் சற்று நேரம் ஆற்றைப் பார்க்க மறந்தான். பிறகு பெருமையுடன், "எழுபது கூரையிலும் புகை கண்டேன், பெண்ணே. எல்லாம் இளவரசரின் புதிய முறையால் வந்தது" என்றான்.

"இளவரசர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். நெல்லைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அறுத்த அன்றைக்கு அதற்கு விலை இல்லை. ஐப்பசியில் விலை உண்டு. அப்போது அது எங்கள் கையில் இல்லை. வரிக்காசு கேட்டு ஆள் நிற்கையில் களத்திலேயே விற்றாக வேண்டும். வாங்கி வைத்து விற்க எங்கள் ஊர்ச் செல்வர் மாசாத்தருக்குப் படகு இருக்கிறது, அவர் தம்பிமார் இருவருக்கும் மாடு இருக்கிறது. எங்களுக்குத் துடுப்பு இருக்கிறது."

அந்தியில் ஆற்றைக் கடந்தவரை உண்ண அழைக்காமல் விடுவது அவ்வூர் வழக்கமில்லை. கரை நெருங்கியதும் சேந்தி, "எங்கள் வீட்டில் ஒரு வாய் உண்டு போகலாம், ஐயா. அதிகாரிகள் மாசாத்தர் மாளிகைக்குப் போவதுதான் வழக்கம்" என்றாள்.

"உங்கள் வீட்டுக்கே வருகிறேன்."

துடுப்பு ஒருமுறை நீரைத் தொடாமல் காற்றில் சென்று திரும்பியது.

அவள் குடிசை வாசலில் கிடந்த பழைய ஓடத்தின் மேல் அவனை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஈர வைக்கோல் நுழைந்தது. கூரை வழியே புகை தடித்து எழுந்தது. பானை கொதித்தது. ஆதன் காத்திருந்தான். ஊர் அமைதியாக இருந்தது. அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. வடக்கே எங்கோ மூன்று உலக்கைகள் மட்டும் மாறி மாறி ஒலித்தன.

"சேந்தி, எழுபது அடுப்பு எரிகிறது. மூன்று வீட்டில்தானே நெல் குத்துகிறார்கள்?"

"இப்போது யார் குத்துகிறார்கள், ஐயா? குத்திய அரிசியையே சந்தையில் விற்கிறார்கள். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள்."

"நீ வாங்குகிறாயா?"

உள்ளே அடுப்பில் இன்னும் ஒரு பிடி வைக்கோல் விழுந்தது.

"மற்றவர்கள் வாங்கி நீ பார்த்திருக்கிறாயா?"

அவள் பானையோடு வெளியே வந்தாள். மூடியை எடுத்தாள். வெறும் நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"பார்த்துக்கொள்ளும். புகையாத வீட்டில் எங்கள் ஊரார் பெண் எடுக்க மாட்டார்கள். விடிந்தால் அண்டை வீட்டார் வாசலில் ஒரு நாழி நெல்லை வைத்துவிட்டுப் போவார்கள். அதைக் குனிந்து எடுப்பதைவிட ஆற்றில் இறங்கிவிடலாம். ஊரிலேயே என் வீடு ஒன்றுதான் இப்படி என்று எண்ணியிருந்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "நீர் கேட்ட பிறகுதான்…"

அப்போது களஞ்சியக் காவலரும் அவளுடைய பெரியப்பாவுமான காரியார் தெருவில் வந்தார். கனத்த இரும்புச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

"அம்மா சேந்தி, படகுக்காரர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். கொடி ஏறவில்லையே என்று கேட்கிறார்கள். விருந்தாளிக்குச் சோறு ஆயிற்றா?"

"பெரியப்பா, உங்கள் வீட்டுப் பானையில் என்ன வேகிறது?"

"இது என்ன கேள்வி, வந்தவர் எதிரில்?"

"நான் கேட்கிறேன்."

காரியார் சாவியைத் தடவிப் பார்த்தார். நிலவில் அவர் கன்ன எலும்புகள் தெரிந்தன. "நேற்று வெந்ததுதான்" என்றார் கடைசியில். "ஊர் நெல் ஊருக்கு, மகளே. ஊரெல்லாம் உண்ணும்போது, என் வீடு ஒன்றுக்காக அந்தக் கதவை எப்படித் திறப்பேன்?"

சேந்தி கொதிநீரை எடுத்துச் சென்று தன் அடுப்பிலேயே கவிழ்த்தாள். புகை அறுந்தது. வெற்றுப் பானையைக் கையிலேந்தித் தெரு நடுவே வந்து நின்றாள்.

"என் வீட்டில் மூன்று மாதமாக அந்திதோறும் தண்ணீர்தான் வேகிறது" என்றாள். கத்தவில்லை. அவ்வூர்த் தெருவில் அப்படியொரு சொல் அதுவரை சொல்லப்பட்டதில்லை. கதவுகள் திறந்தன. எவரும் எதுவும் சொல்லவில்லை. வாசகர்களே, நான் சொன்ன மௌனம் அதுதான். பிறகு எதிர்வீட்டுக் கூரையில் புகை நின்றது. அடுத்து காரியார் வீட்டில் நின்றது. மேலத்தெருவிலும் துறையோரத்திலும் ஒவ்வொன்றாக நின்று, நிலவு நிறைந்த வானில் மாசாத்தர் குடும்பத்தின் மூன்று புகைகள் மட்டும் தனியே எழுந்துகொண்டிருந்தன. ஆணும் பெண்ணும் வெற்றுப் பானைகளோடு வாசலில் நிமிர்ந்து நின்றார்கள். ஒருவரும் தலைகுனியவில்லை.

கொடிக்குக் காத்துச் சலித்த நம்பிவேளார் வீரர்களோடு தெருவுக்குள் வந்தார். "இது என்ன கூத்து? கணக்கன் எங்கே? சாவியை வாங்குங்கள்."

வீரன் ஒருவன் காரியாரிடம் கை நீட்டினான். ஆதன் இடையில் வந்து நின்றான்.

"சாவியைத் தொடாதே."

"ஆணையிட நீ யார்?" என்றார் அமைச்சர்.

ஆதன் தலைப்பாகையை அவிழ்த்து, அதனுள் முடிந்திருந்த முத்திரை மோதிரத்தை விரலில் அணிந்தான். அமைச்சரின் கைகள் தாமாகவே குவிந்தன.

"இளவரசே! தாங்களா…"

"புகையை எண்ணச் சொன்னவன் நான், வேளாரே. பிழையும் என்னுடையதே. நாளை அரசவையில் இதை நானே சொல்வேன். உழவு மாடில்லாத வீடு ஒன்றேனும் நாணற்கரையில் உள்ளவரை நான் முடிசூட மாட்டேன். இது சத்தியம்."

சேந்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்களில் நீர் இருந்தது, குரலில் இல்லை.

"சத்தியம் நல்லதுதான், இளவரசே. அது பானையில் வேகாது. களஞ்சியம் திறக்கட்டும். ஆனால் தானமாக வேண்டாம். எங்கள் களத்தில் விளைந்த நெல், உரிமையாகத் தாருங்கள்."

எழினியாதன் தலைவணங்கினான். "காரியாரே, உங்கள் ஊர் நெல். நீங்களே திறவுங்கள்."

காரியார் திறந்தார்.

அதன்பின் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எழினியாதன் அரசவையில் தன் பிழையை ஒப்புக்கொண்டான், சிலர் நகைத்தார்கள். புதிய முறை நீங்கவில்லை. ஆனால் ஐப்பசியில் நெல்லை விற்று, வரிக்காசைத் தை மாதம் வரை கட்டலாம் என்றாயிற்று. களஞ்சியங்கள் ஊரார் வசமே இருந்தன. நம்பிவேளார் பதவி விலகித் துறைமுகத்தில் வணிகரானார். மாசாத்தர் செல்வராகவே வாழ்ந்து செல்வராகவே இறந்தார். தம்பிமார் மட்டும் தங்கள் மாடுகளை வாடகையின்றி ஊருக்குக் கொடுத்தார்கள். காரியார் இரண்டாண்டுகளில் காலமானார். எழினியாதன் ஒன்பது ஆண்டுகள் இளவரசனாகவே இருந்தான். நாணற்கரையின் கடைசி வீட்டுக்கும் உழவு மாடு வந்த பத்தாம் ஆண்டில் முடிசூடினான். சேந்தியை மணக்கக் கேட்டான். அவள் இருமுறை மறுத்து, மூன்றாம் முறை சம்மதித்தாள். அரசியான பின்பும் ஆண்டுக்கு நான்கு மாதம் நாணற்கரையில் இருந்தாள். அவர்களுக்கு இரு பெண்மக்கள். வெள்ளாற்று வெள்ளம் ஒன்றில் அந்த ஊர் பின்னாளில் அழிந்தது. மக்கள் வடகரை மேட்டில் குடியேறினார்கள்.