சகலை வளைத்த முதுகு

குழாயைப் பிடுங்கிய பிறகும் பை தளரவில்லை.

பசை தடவி அடுக்கிய மெல்லிய மரத்தகடுகளை அச்சின் மேல் வைத்து, பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சினால், பை அவற்றை அமுக்கிப் பிடிக்கும். பசை காய்ந்ததும் நாற்காலியின் முதுகு வளைந்து வெளியே வரும். இடையில் காற்று புகுந்தால் எல்லாம் பாழ். அந்தப் பாழைத் தேடித்தான் மூத்த மாப்பிள்ளை, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் பட்டறைக்குள் வந்திருந்தார்.

வளைப்பது காற்று, பேர் வாங்குவது சகலை. விசிட்டிங் கார்டில் 'வளைவுக் கலைஞர்' என்று போட்டுக்கொண்டு, பம்பு ஓடும்போது பிரசவ அறை வாசலில் நிற்பவனைப் போல் கைகட்டி நிற்பான். இந்த நாற்காலி தேறினால் பட்டறை அவனுக்கு என்று மாமனார் சொல்லிவிட்டார். மூத்தவரிடம், "நீங்க எப்பவும் போல பூட்டித் தெறங்க மாப்ளே," என்றார்.

மூத்தவர் பிளேடால் பையைக் கீறினார். உஸ்ஸென்று காற்றை இழுத்தது. நின்றது. பிறகு வெளியே விட்டது, வெதுவெதுப்பாக, பசை நாற்றத்தோடு.

ஓட்டை என்றால் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது தொழில் பழக்கம். வைத்தார்.

ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டு. முழங்கை. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தோள். கண்முன் பிளாஸ்டிக். இருட்டு.

செருப்புச் சத்தம். மாமனாரின் ஏப்பம்.

"மூத்தவர் சாப்பிட வரலையே?"

"வயித்தெரிச்சல்ல பசி எங்க எடுக்கும் மாமா," என்றான் சகலை. பை உரிந்தது. வெளிச்சம்.

மாமனார் மெதுவாகத் தடவினார். மூத்தவரின் முதுகெலும்பு வழியாக அந்த விரல் இறங்கியது. "இப்படி ஒரு வளைவ நான் பாத்ததே இல்ல மாப்ளே."

சகலையின் முகம் சுருங்கியது. அந்த முகம் மூத்தவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"இது நான் போட்ட வளைவு இல்ல மாமா."

என்னுடையது என்று சொல்ல மூத்தவர் வாய் தேடினார். வாய் இல்லை.

"ஓரந்தான் பிசிறா இருக்கு," என்றான் சகலை, ரம்பத்தை ஓடவிட்டு. பிசிறுகள் ஐந்து. ஒன்றுக்கொன்று அளவில் சேராதவை. ஆகச் சின்னதைச் சுழலும் பல்லுக்கு நேரே நீட்டினான்.

அது மடங்கியது.

அவன் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்.