அரான்சிபியா வீட்டின் முன்சுவர்

சுக்ரே நகரில் அரான்சிபியா குடும்பத்தை ஐந்து தலைமுறையாக ஒருவரும் குறைசொன்னதில்லை. அன்று காலை அக்குடும்பத்தின் பெரியவர் எவாரிஸ்தோ, சேறு படிந்த கால்சட்டையோடு துப்பறிவாளர் ஹசிந்தாவின் முன் நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“என் வீட்டு முன்சுவர் நேத்து விழுந்துடுச்சும்மா. நானே இடிச்சேன்னு ஊர் பேசுது. பன்னிரண்டு மணிக்கு நகராட்சி அதிகாரி வர்றார். அதுக்குள்ள எப்படி விழுந்துச்சுன்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

சட்டம் ஊரறிந்தது. பழைய வீட்டைச் சொந்தக்காரர்கூட இடிக்கக் கூடாது. மழையில் தானாக விழுந்தால் மனையை விற்கலாம். வேண்டுமென்றே விழச்செய்தால், செய்தவர்மேல் வழக்கு; வீடும் பழையபடியே எழும்ப வேண்டும்.

“மழைதான் பெரியவரே! மூணு மாசமா கொட்டுதே?” என்றான் ஹசிந்தாவின் கொழுந்தன் பெனிக்னோ, வாய்நிறையச் சல்தேனியாப் பலகாரத்தோடு.

“மென்னு முழுங்கிட்டுப் பேசுப்பா. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிக்கிற சுவர் அது. கூலியாள் கை பட்டதில்ல. நாப்பது வருஷம் நான் அடிச்சேன். இப்ப என் மகன் லிசாந்த்ரோ தனியா அடிக்கிறான்.”

அவர்கள் மூவரும் அந்த வீட்டுக்குப் போனபோது, லிசாந்த்ரோ மண்குவியலருகே மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

“மழைக்குக் கைவிலங்கு மாட்ட வந்தீங்களா?” என்றான்.

ஹசிந்தா குவியலின்மேல் கிடந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அண்ணி, மணி பன்னிரண்டாகப் போகுது,” என்று பெனிக்னோ தவித்தான்.

“சுவர்த் தலையை மூடியிருந்த ஓடு இது. அவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தும் ஒண்ணுகூட உடையல.”

“அப்போ சுவர் விழுந்த பிறகு யாரோ கொண்டுவந்து போட்டிருக்காங்க!”

“திருப்பிப் பாரு.”

உட்புறமெங்கும் சுண்ணாம்புத் துளிகள் காய்ந்திருந்தன.

“கவிழ்த்து வெச்ச ஓட்டுக்குள்ள சுண்ணாம்பு எப்படித் தெறிக்கும்? சுண்ணாம்பு அடிச்ச அன்னிக்கு ஓடெல்லாம் கீழே மல்லாந்து கிடந்திருக்கு. மழைக்காலம் பூரா மண்சுவர் மூடாம நனைஞ்சிருக்கு.”

அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. சுண்ணாம்பு அடிப்பவன் யார் என்று காலையில் எவாரிஸ்தோவே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

லிசாந்த்ரோவின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. “ஒரு ஆணி அடிக்கணும்னாலும் நகராட்சிக்கு மனு. ஜன்னல் மாத்த விடல, விக்கவும் விடல. என் பிள்ளைங்க படுக்கைமேல ஒழுகுதுப்பா! இது நம்ம வீடா, அவங்க வீடா? மழைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேரும் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.”

எவாரிஸ்தோ ஹசிந்தாவைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். “நீ என்னம்மா சொல்லப்போற?”

“நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன். அதிகாரிகிட்ட பேசவேண்டியவர் வீட்டுக்காரர்.”

அதிகாரி வந்தார். எவாரிஸ்தோ கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“எழுதிக்கோங்க. மழை இல்ல. செஞ்சது என் மகன். அந்தச் சுவரை நாங்களே கட்டித் தர்றோம்.”

“அப்பா!”

அதிகாரி நீட்டிய தாளில் அவர் உடனே கையெழுத்திட்டார். மகன் பக்கம் திரும்பத்தான் அவரால் முடியவில்லை.