சுலோஜனா கையில் சிவப்புத் துணி

பாண்டிருப்புக் கடற்கரையில் இருபது பேர் கரைவலை இழுக்கிறார்கள். உள்ளங்கை எல்லாம் காய்ப்பு. இழுத்து இழுத்து முதுகு கூனியவர்களும் உண்டு. அந்த இருபது பேரையும் ஒரே ஒரு கை நிறுத்திவிடும். அது பதினொரு வயதுச் சுலோஜனாவின் கை.

எப்படி என்று கேட்கிறீர்களா?

தோணி கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாகப் போட்டுவிட்டு வரும். வலையின் ஒரு கயிறு வடக்கே பத்துப் பேர் கையில். மற்றக் கயிறு தெற்கே பத்துப் பேர் கையில். இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் சரியும். மீன் எல்லாம் வெளியே போய்விடும். இருபது வீட்டுக் கறிச்சட்டியும் அன்றைக்குக் காலி.

ஆனால் இழுக்கிறவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் இரண்டு கயிற்றின் தலைவர்களுக்கும் தெரியும்படி நடுவில் ஒருவர் நிற்க வேண்டும். மீன் சேரும் மடிக்கு மேலே ஒரு மஞ்சள் மிதப்பு ஆடிக்கொண்டிருக்கும். அது வடக்கே நகர்ந்தால் வடக்குப் பக்கம் முந்துகிறது. சிவப்புத் துணியை வடக்கே தூக்கினால் அவர்கள் நிற்பார்கள். தெற்கே நகர்ந்தால் தெற்கே தூக்க வேண்டும்.

அவ்வளவுதான். சொல்வதற்குச் சுகம். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

அந்த வேலையைச் செய்த சீனித்தம்பி மாமாவுக்குக் கண்ணில் ஒப்பரேசன். பள்ளிக்கூட லீவு என்பதால், வலைக்குப் பொறுப்பான கனகசிங்கம் துணியைத் தன் மகள் சுலோஜனாவிடம் கொடுத்தார். முதல் நாள் சிலர் முணுமுணுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஆறாம் நாள்தான் வம்பு வந்தது.

அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. அறநெறி வகுப்பில் இராசாத்தி ரீச்சர் தியானம் பழக்கினார்.

"கண்ணை மூடுங்க. மூச்சை எண்ணுங்க. பத்து வந்தா மறுகா ஒண்டிலயிருந்து. மனசு ஓடினா அதை ஏசாதீங்க. மெல்லக் கூட்டிக்கொண்டு வாங்க."

சுலோஜனா எண்ணினாள். மூன்று வரைக்கும் நினைவிருக்கிறது. பிறகு வகுப்பே சிரித்த சத்தத்தில்தான் கண் விழித்தாள். அவள் குறட்டை விட்டிருந்தாள்.

அந்த வகுப்பில் பக்கத்து வீட்டுத் தினுஜனும் இருந்தான். கரைக்கு வந்த வடக்குக் கயிற்றைச் சுருட்டி வைப்பது அவன் வேலை. திங்கட்கிழமை விடியும்போது கடற்கரை முழுவதற்கும் செய்தி தெரிந்திருந்தது.

"குறட்டைச் சாமியார் வாறா! வழி விடுங்க!" என்று கத்தினான் தினுஜன். "சாமி, இண்டைக்கு நிண்டுகொண்டே நித்திரையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் மீசைகூட ஆடியது.

"இரி! செய்தது செய்தவனுக்கே திரும்பி வரும். அதுதான் கர்மா எண்டு ரீச்சர் சொன்னவ. உனக்கும் வரும்!" என்றாள் சுலோஜனா.

"எப்ப வரும்? பஸ்ஸிலயா?"

சுலோஜனாவுக்குக் காது வரை சுட்டது. கர்மா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். தினுஜன் வழுக்கி விழவில்லை. ஒரு நண்டுகூட அவன் காலைக் கடிக்கவில்லை.

வலை பாதி தூரம் வந்துவிட்டது. அப்போது தினுஜன் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, நித்திரை கொள்வதுபோல் நடித்தான்.

மஞ்சள் மிதப்பு தெற்கே நகர்ந்தது. சுலோஜனா அதைக் கண்டாள். ஆனால் அவள் கண் உடனே தினுஜனிடம் போனது. கண் போன பக்கமே கையும் போனது. துணியை வடக்கே தூக்கிவிட்டாள்.

வடக்கே நின்றார்கள். தெற்கே இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

"மீன் வெளியில துள்ளுது!" என்று யாரோ கத்தினார்கள்.

வலைக்கு வெளியே வெள்ளி வெள்ளியாகத் துள்ளியது. சுலோஜனா துணியை இறக்கினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து மிதப்பு இரண்டாகத் தெரிந்தது. எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?

கண்ணை மூட முடியாது. திறந்துகொண்டே எண்ணினாள்.

ஒன்று. இரண்டு. தினுஜனின் முகம் வந்தது. அவள் அதை ஏசவில்லை. அடுத்த வீட்டு வளவுக்குள் நுழைந்த ஆட்டுக்குட்டியைக் கூட்டி வருவதுபோல மனதை மிதப்பிடம் கூட்டி வந்தாள். மறுபடி ஒன்று. இரண்டு. மூன்று. நான்காம் மூச்சில் மிதப்பு ஒன்றாகத் தெரிந்தது.

துணியைத் தெற்கே தூக்கினாள். தெற்கே நின்றார்கள். வடக்கே இழுத்தார்கள். மிதப்பு மெல்ல மெல்ல நேருக்கு வந்தது. மடி கரையேறும் வரை அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை.

கீரி மீனும் சூடை மீனும் மணலில் கொட்டின. கனகசிங்கம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பாதி போயிட்டு. வடக்கில ஏன் நிண்ட நீங்க?"

வடக்குக் கயிற்றுக்குத் தலைமை முகைதீன்பாவா காக்கா. கல்முனைக்குடியில் இருந்து சைக்கிளில் வருகிறவர். அங்கே காக்கா என்றால் அண்ணன்.

"புள்ள துணி தூக்கினா, நிண்டம். அவ சும்மா தூக்க மாட்டா. இந்தப் பொடியன் விளையாடிக்கொண்டு நிண்டவன். கயித்தைச் சிக்காக்கியிருப்பான்!"

எல்லோரும் தினுஜனைப் பார்த்தார்கள். அவன் தன் கயிற்றைப் பார்த்தான்.

"சிக்கு விழயில்லயே..." என்றான். குரல் சுருங்கிப் போயிருந்தது.

"நாளைக்கு நீ வராத," என்றார் கனகசிங்கம்.

கர்மா வந்துவிட்டது! பஸ்ஸில் இல்லை, நடந்தே வந்துவிட்டது. சுலோஜனா சந்தோசப்பட வேண்டும். ஆனால் சிரிப்பு வரவில்லை.

தன் கையைப் பார்த்தாள். சிவப்புத் துணி. பிழை செய்தது இந்தக் கைதான். அப்படியென்றால் வந்தது அவளைத் தேடித்தான் வந்திருக்கிறது. விலாசம் மாறி, தினுஜன் வாசலில் போய் நிற்கிறது.

ஒரு நீண்ட மூச்சு எடுத்தாள்.

"அப்பா, அவன் இல்ல. நான்தான். தெற்கால தூக்க வேண்டியதை வடக்கால தூக்கிட்டன். கோவத்தில மிதப்பைப் பார்க்காம அவனைப் பார்த்தன்."

துணியை அப்பாவிடம் நீட்டினாள்.

முகைதீன்பாவா காக்கா தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருசமா இழுக்கிறன். சீனித்தம்பியும் பிழை விட்டவன், நானும் விட்டிருக்கன். காத்து எண்டு சொல்லுவம், நீரோட்டம் எண்டு சொல்லுவம். நான்தான் எண்டு ஒருத்தனும் சொன்னதில்ல." பிறகு அவளைப் பார்த்தார். "அது சரி புள்ள, துணி இறங்கினதைக் கண்டன். மறுகா எப்பிடி நேராக்கினாய்?"

"மூச்சை எண்ணினன் காக்கா. கண்ணைத் திறந்துகொண்டு."

"மூடிக்கொண்டு எண்ணினா?"

"குறட்டை வந்திரும்."

கடற்கரையே சிரித்தது. இந்த முறை சுலோஜனாவும் சேர்ந்து சிரித்தாள்.

அப்பா துணியை வாங்கினார். வாங்கி, அவள் மணிக்கட்டிலேயே சுற்றிக் கட்டினார்.

"நாளைக்கும் ஆறு மணி. பிந்தாத. தினுஜன், நீயும்தான்." பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, "என்ர மகள்," என்றார். அது தெற்குக் கயிற்றின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனதும், தினுஜன் சுலோஜனா இருந்த தோணி நிழலுக்கு வந்தான். காலால் மணலைக் கிண்டினான்.

"எனக்கும் அந்த எண்ணுறதைச் சொல்லித் தாவன். எல்லாரும் என்னைப் பார்க்கக்குள்ள, எனக்கு அழுகை வரப் பார்த்திச்சு."

"இரி. கண்ணை மூடு. ஒண்டிலயிருந்து பத்து."

இருவரும் எண்ணினார்கள். ஆறு... ஏழு... எட்டு வரவில்லை. தோணி இஞ்சினைப்போல ஒரு சத்தம் வந்தது. சுலோஜனா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். தினுஜன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

இருபது பேரும் பத்தடி தூரத்தில்தான் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்கள். ஒரு சொல் போதும்.

சுலோஜனா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குறட்டை அங்கே கேட்டுவிடக் கூடாது என்று, கொஞ்சம் சத்தமாகவே எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்டு! ரெண்டு! மூண்டு!"